வானொலி நேரலை உரையாடலில் வினாவும் விடையும்: ஒரு பயிற்றுமுறைத் திறனாய்வு

முன்னுரை

வானொலி நிகழ்ச்சி வடிவங்களுள் நேரலை உரையாடல் தனித்தன்மை உடையது. செய்தி, நாடகம், உரைச்சித்திரம், சிறுகதை வாசிப்பு ஆகியன முன்னரே எழுதப்பெற்று, ஒத்திகை பார்க்கப்பெற்று, பலவேளைகளில் ஒலிப்பதிவில் திருத்தவும் பெறுபவை. நேரலை உரையாடலிலோ பாதி நிகழ்ச்சி நேயரின் வாயில் இருக்கிறது. அவர் என்ன சொல்வார் என்பது அறிவிப்பாளருக்குத் தெரியாது. எழுதிவைக்க இயலாத அந்தப் பாதியை மாணவருக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

பந்திங் வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளித் தமிழ் மாணவர் பன்னிருவரோடு நாம் நடத்திய பயிற்சி ஒன்றை முன்வைத்து இதனை ஆராய முற்படுகிறோம். அப்பயிற்சியை வெற்றிக்கதையாக இங்கு எடுத்துரைக்கவில்லை. அதன் முதல் நிகழ்ச்சி தவறிய இடமே நம்மைச் சிந்திக்க வைத்தது. நம் தமிழ்க் கல்வி மாணவரை நன்கு பேசப் பழக்கியிருக்கிறது. பிறர் சொல்லும் விடையைக் கேட்கப் பழக்கவில்லை. அதற்கு வேண்டிய கருவியோ நாம் நாள்தோறும் கையாளும் இலக்கண நூல்களிலேயே இருக்கிறது. இதுவே நமது முடிபு.

மலேசியத் தமிழ் வானொலியும் நேயர் குரலும்

போருக்குப் பின் 1946 ஏப்ரல் முதல் நாள் நிறுவப்பெற்ற மலாயா ஒலிபரப்புத் துறையில் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றது. அவ்வழி வந்த அரசுத் தமிழ் ஒலிபரப்பு பின்னாளில் வானொலி ஆறு என வழங்கி, 2005ஆம் ஆண்டு மின்னல் எஃப்.எம். என்னும் பெயரைப் பெற்றது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று 96.3இல் மின்னலும் 99.3இல் தனியார் நிலையமான ராகாவும் ஒலிக்கின்றன. பந்திங், தெலுக் டத்தோ, சுங்கை மங்கிஸ், ஜுக்ரா, மோரிப் என்று கோலலங்காட் மாவட்டத்து ஊர்களில் வாழும் தமிழர்க்கு இவ்விரண்டும் அன்றாடம் பழகிய குரல்கள்.

வாழ்த்து நிகழ்ச்சிகளிலும் விருப்பப் பாடல் நிகழ்ச்சிகளிலும் நேயர் தம் பெயரோடு ஊரையும் தோட்டத்தையும் சேர்த்துச் சொல்வது நெடுநாள் வழக்கம். இரப்பர் செம்பனையாகி, செம்பனையும் வீடமைப்புப் பகுதியாகிவிட்ட பின்னரும், இல்லாமற்போன தோட்டத்தின் பெயரைச் சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முதியோரை நாம் அறிவோம். ஆயினும் பெயர் சொல்வதும் பாடல் கேட்பதும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. செர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1932இல் எழுதிய கட்டுரையில், வானொலி ஒருபக்கம் வழங்கும் கருவியாக நின்றுவிடாமல், கேட்பவரையும் பேசவைக்கும் தொடர்புக் கருவியாக மாறவேண்டும் என்று வலியுறுத்தினார். நேயர் தொலைபேசியில் கலந்துகொள்ளும் நேரலை உரையாடலே அக்கருத்துக்கு மிக அருகில் வரும் வடிவம். எனினும் நேயரின் அழைப்பு ஏற்கப்பட்டுவிட்டது என்பதனாலேயே அவர் பேச்சு கேட்கப்பட்டுவிட்டது என்று கொள்ளவியலாது.

பந்திங் பயிற்சி

தமிழில் மாணவரே நடத்தும் வானொலிக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி முதல் நாள் 90.4இல் தொடங்கிய அண்ணா சமுதாய வானொலி, இந்தியாவில் கல்வி நிறுவனம் ஒன்று தொடங்கிய முதல் சமுதாய வானொலி ஆகும். இந்திய அரசு 2006இல் வெளியிட்ட சமுதாய வானொலி நெறிமுறைகள், நிகழ்ச்சிகளுள் குறைந்தது பாதியேனும் அவ்வட்டார மக்களின் பங்கேற்போடு உருவாகவேண்டும் என்று விதித்தன. நம்மிடம் அத்தகைய அலைவரிசை இல்லை. ஆகவே இரண்டு வகுப்பறைகள், இரண்டு கைப்பேசிகள், ஓர் ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கொண்டே பயிற்சியைத் தொடங்கினோம். ஓர் அறை கலையகம். மற்றோர் அறையில் எஞ்சிய மாணவர்கள் நேயர்களாக அமர்ந்து கேட்டனர். அழைத்துப் பேச இசைந்தோர் மாணவரின் உறவினரும் அண்டை அயலாரும் ஆவர்.

பணிகளையும் பகிர்ந்தளித்தோம். தயாரிப்பாளர் நிகழ்ச்சி நிரலையும் நேரத்தையும் கவனிப்பார். தொலைபேசி ஏற்பவர் அழைப்பவரோடு முதலில் பேசி, அவர் சொல்ல விரும்புவதைச் சீட்டில் எழுதி அறிவிப்பாளரிடம் தருவார். அறிவிப்பாளர் உரையாடுவார். பேச்சுப் போட்டிகளில் பலமுறை பரிசு பெற்ற மாணவர் ஒருவரை அறிவிப்பாளராக்கினோம். கூச்ச இயல்புடைய மாணவி ஒருவரைத் தொலைபேசியருகே அமர்த்தினோம். இப்பகிர்வில் யாருக்கும் ஐயம் எழவில்லை; நமக்கும் எழவில்லை.

தலைப்பை நாமே தந்தோம்: 'தோட்டத்தை விட்டு வெளியேறியது நன்மையா, தீமையா?' பந்திங் மாணவருக்கு இது ஏட்டுத் தலைப்பு அன்று. அவர்களுள் பலருடைய பாட்டன் பாட்டியர் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள். அண்டையில் உள்ள டிங்கிலின் வரலாறும் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய தோட்டங்களின் குடும்பங்கள் வெளியேறி, டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளில் குடியேற நேர்ந்தது. விரிசல் கண்ட அவ்வீடுகளில் தங்கி, தனி வீட்டுக்காக அவர்கள் நீண்டகாலம் போராடியதும் பொதுவெளியில் அறியப்பட்ட செய்தியே.

நிகழ்ச்சியில் மூன்றாவதாக அழைத்தவர் ஒரு மூதாட்டி. பதிவிலிருந்து அப்பகுதியை அவ்வாறே தருகிறோம்.

'வணக்கம் பாட்டி. தோட்டத்தை விட்டு வந்தது உங்களுக்கு நன்மையா, தீமையா?'

'அங்க வாசல்ல ஒரு முருங்க மரம் இருந்துச்சு தம்பி. நான் வச்சது. இங்க நாலாவது மாடி...'

'பாட்டி, நேரம் குறைவாக இருக்கிறது. நன்மையா தீமையா என்று மட்டும் சொல்லுங்கள்.'

'நல்லதுதான் தம்பி. நல்லதுதான்.'

அறிவிப்பாளர் நன்றி கூறி, நன்மை என்னும் அணிக்கு மேலும் ஒரு வாக்கு கிடைத்துள்ளதாக அறிவித்தார். மூதாட்டியின் பேச்சு அத்துடன் முடிந்தது.

மேடைப் பேச்சின் செல்வாக்கு

அம்மாணவரைக் குறைகூற நாம் விரும்பவில்லை. அவர் நாம் கற்பித்ததைப் பிசகாமல் செய்தார். உச்சரிப்பு தெளிவாக இருந்தது, லகர ளகர ழகர வேறுபாடு பிழையின்றி ஒலித்தது, நேரமும் தவறவில்லை. பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், கவிதை ஒப்புவித்தல் என நம் பள்ளிகள் வளர்க்கும் வாய்மொழிப் பயிற்சி அனைத்தும் ஒருவர் பேச, பலர் அமைதியாகக் கேட்கும் அமைப்பை உடையன. கேட்பவர் குறுக்கிடுவதில்லை, விடை சொல்வதும் இல்லை. அவர்களுள் நடுவர் மட்டுமே மதிப்பெண் இடுகிறார். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்னும் நான்கு மொழித்திறன்களுள் கேட்டலை முதலில் வைத்துச் சொல்கிறோம். ஆனால் நன்றாகக் கேட்ட மாணவருக்குப் பரிசு வழங்கிய மேடையை நாம் கண்டதில்லை.

தலைப்பிலும் பிழை இருந்தது. அப்பிழை முழுவதும் நம்முடையது. நன்மையா, தீமையா என இரண்டாகப் பிளந்து கேட்பது பட்டிமன்றத்துக்குரிய வினா. பட்டிமன்றத்தில் அணித்தலைவர்கள் தம் நிலையை முன்னரே ஏற்றுக்கொண்டு வருகின்றனர். அவ்வினாவைத் தம் வாழ்வின் பெரும்பகுதியைத் தோட்டத்தில் கழித்த ஒருவரிடம் தொடுக்கும்போது, அவர் வாழ்வையே ஓர் அணியில் சேர்க்கச் சொல்கிறோம். அவரும் பிள்ளையின் மனம் கோணாதபடி ஒரு சொல்லைத் தந்துவிட்டு விலகிக்கொள்கிறார்.

வினா ஆறும் விடை எட்டும்

இவ்விடத்தில் நம் இலக்கண மரபு துணைநிற்கிறது. செப்பிலும் வினாவிலும் வழு நேராமல் காக்கவேண்டும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் விதிக்கிறார். வினா ஒன்றே விடையாக வருவதையும் அவர் ஏற்கிறார். பிற்காலத்தில் பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்துத் தந்தார். மாணவர் இப்பட்டியல்களைத் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். அவை உரையாடலை அளக்கும் கருவியாகப் பயன்படும் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன வினா வகைகள். விடையை அறிந்த ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. வகுப்பறையில் மிகுதியாக ஒலிப்பது அதுவே. வானொலிப் பயிற்சிக்கு வந்த மாணவரும் தம்மை அறியாமல் ஆசிரியர் குரலை மேற்கொண்டு நேயரிடம் அறிவினாவையே தொடுக்கின்றனர்: 'தாய்மொழி முக்கியம்தானே?', 'பெற்றோர் பொறுப்போடு இருக்கவேண்டும் அல்லவா?' இவற்றுக்கு விடை முன்னரே முடிவு செய்யப்பட்டுள்ளது. நேயர் தலையாட்டுவது மட்டுமே எஞ்சியது. நேரலை உரையாடலுக்கு உயிர் தருவது அறியா வினாவும் ஐய வினாவும். தமக்குத் தெரியாது என்பதை ஒலிவாங்கியின் முன் ஒப்புக்கொள்ளும் துணிவு இவற்றுக்கு வேண்டும்.

விடைப் பகுப்பு இன்னும் நுட்பமானது. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் எட்டனுள் முதல் மூன்றுமே நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் கேட்டதற்கு நேராக விடை சொல்லாதவை. எனினும் அவ்விடைப் பொருளை உணர்த்துவதால் அவற்றையும் விடையாகவே கொள்ளவேண்டும் என்கிறது நன்னூல். வருவாயா என்று கேட்டவரிடம் கால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது வினாவைத் தட்டிக்கழித்தது ஆகாது. உற்றது உரைத்தல் என்னும் விடையே ஆகும். கேட்பவர் தம் அறிவால் எஞ்சியதை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

வாசலில் முருங்கை மரம் இருந்தது, இங்கே நாலாவது மாடி என்று மூதாட்டி சொன்னதும் உற்றது உரைத்தலே. நட்டு வளர்த்த மரம், மண்ணோடு ஒட்டிய வாசல், தம் கையால் பறித்த கீரை, இன்று ஏற இயலாத படிகள் எனப் பலவும் அவ்விரு தொடர்களில் அடங்கியிருந்தன. நம் வினாவுக்கு அன்று கிடைத்த விடைகளுள் மிக நிறைவானது அது. மாணவர் அதனை விடை என்றே உணரவில்லை. தலைப்பிலிருந்து விலகிய பேச்சு என்று கருதினார். பவணந்தியார் ஏற்ற விடையை நாம் தள்ளிவிட்டு, நல்லதுதான் என்னும் மரியாதைச் சொல்லைக் கருத்தாகப் பதிவு செய்துகொண்டோம். பிழையான செய்தி ஒன்று இவ்வாறு பிறந்தது. பயிற்சி அறையில் நேர்ந்ததால் அதனால் கேடு விளையவில்லை. இவ்வாறு பெறும் சொற்களையே மக்கள் கருத்து என்று ஒலிபரப்பினால், வெளியேற்றப்பட்டோர் வரலாற்றுக்கு அவர்கள் வாயாலேயே பொய்ச்சான்று தேடியவர்கள் ஆவோம்.

தொலைபேசியருகே நடந்த நிகழ்ச்சி

அன்று மாலை பதிவுகளை மீண்டும் கேட்டபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. கலையகத்திற்கு இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருந்த வேளையில், தொலைபேசியருகே இருந்த மாணவியிடம் மூதாட்டி ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் பேசியிருந்தார். மரம் நட்ட ஆண்டு, பெரட்டுக்குப் போகுமுன் விடியலில் கீரை பறித்தது, இயந்திரம் வந்து லயத்தை இடித்த நாளில் அம்மரமும் சாய்ந்தது, அதன் கிளை ஒன்றை வெட்டி எடுத்து வந்தும் ஊன்ற இடமில்லாமல் போனது என அனைத்தையும் சொல்லியிருந்தார். மாணவி என்ன கேட்டார் என்று நோக்கினால், ஏறத்தாழ ஒன்றுமே கேட்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் 'உம்', 'உம் பாட்டி' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டில் 'முருங்கை மரம்' என்றும் எழுதித் தந்திருந்தார். அது தலைப்போடு தொடர்பற்றது என்று கலையகத்தில் ஒதுக்கப்பட்டது.

உம் கொட்டுதல் என்று நம் வழக்கில் ஒரு சொல் உண்டு. கதை சொல்லும் பாட்டி, கேட்கும் பிள்ளை உம் கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவாள். கேட்பவரும் கதையை நடத்துகிறார் என்பதை நம் முன்னோர் இச்சிறு வழக்கத்தில் உணர்த்தியுள்ளனர். மேடைப் பேச்சுக்கு உம் கொட்டுவோர் இல்லை. வானொலி உரையாடலுக்கு அவர்களே வேண்டும்.

அடுத்த வாரம் பணிகளை மாற்றினோம். அம்மாணவி அறிவிப்பாளரானார், தலைப்பை 'எங்கள் பழைய வாசல்' என்று மாற்றினோம். மூதாட்டி மீண்டும் பேச இசையவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டதாகப் பேரனிடம் கூறிவிட்டாராம். வேறொரு முதியவர் அழைத்தார். ஒலிவாங்கியின் முன் அமர்ந்ததும் மாணவிக்கு உம் என்னும் ஒலியும் வரவில்லை. அவர் பேசாது காத்திருக்கவே, முதியவர் பேச்சை நிறுத்தி, 'ஹலோ, லைன்ல இருக்கீங்களாம்மா?' என்றார். தயாரிப்பாளர் இணைப்பைத் துண்டித்துவிடலாமா என்று கையசைத்தார். அப்போது மாணவி, 'கேட்டுக்கிட்டு இருக்கேன் தாத்தா, சொல்லுங்க' என்றார். முதியவர் தொடர்ந்தார்.

மௌனத்தின் அளவு

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகள் இங்கு நினையத்தக்கன. வினாத் தொடுத்த ஆசிரியர் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார் என்றும், அதனை மூன்று நொடி அளவுக்கு நீட்டித்தால் மாணவரின் விடை நீள்வதோடு ஆழமும் பெறுகிறது என்றும் அவர் கண்டார். வானொலியிலோ மூன்று நொடி மௌனம் அச்சம் தருவது. ஒலி நின்றுவிட்டால் தானே எச்சரிக்கை எழுப்பும் கருவியை நிலையங்கள் பொருத்திவைப்பதும் உண்டு. ஆகவே அறிவிப்பாளர் மௌனத்தைக் கண்டு அஞ்சி, விடை பிறக்குமுன் அடுத்த வினாவுக்குத் தாவுகிறார். வெறும் மௌனம் தீர்வாகாது என்பதை முதியவரின் 'ஹலோ' நமக்கு உணர்த்திற்று. முகம் தெரியாத ஊடகத்தில் காத்திருத்தலும் காதில் விழவேண்டும். அதற்கென அமைந்ததே உம்.

மொழித் தூய்மையும் பொறுப்பும்

மாணவி 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லாதது பிழை என உடனிருந்த ஆசிரியர் ஒருவர் கருதினார். நல்ல தமிழைக் காப்பதில் வானொலிக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. நிகழ்ச்சியின் முகப்புரை, தலைப்பு விளக்கம், நிறைவுரை ஆகியன திருந்திய தமிழில் அமைதல் வேண்டும். உரையாடலின் நடுவிலோ, பாசார், சூராட் என்று மலாய்ச் சொற்களைக் கலந்து பேசும் நேயரை இடைமறித்துத் திருத்தினால் அவர் சொல்லைக் காப்போம். அவர் சொல்ல வந்ததை இழப்போம். அறிவிப்பாளர் தம் அடுத்த வினாவில் சந்தை என்றும் கடிதம் என்றும் இயல்பாக வழங்கிச் செல்வதே போதுமானது.

பொறுப்பு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நம் நாட்டில் ஒலிபரப்பு 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திற்கும் உள்ளடக்க நெறிமுறைக்கும் உட்பட்டது. நேயரின் தகாத சொல்லைத் தடுக்கச் சில நொடிகள் தாமதித்து ஒலிபரப்பும் கருவி நேரலை நிகழ்ச்சிகளில் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் 2025 மார்ச்சில் நாடு கண்ட கொந்தளிப்பு நேயரால் விளைந்தது அன்று. மலாய்மொழி வானொலி நிலையம் ஒன்றின் அறிவிப்பாளர்கள் கலையகத்துக்குள்ளேயே காவடியாட்டத்தைக் கேலிசெய்த காணொளியால் அது எழுந்தது. அந்நிலையத்தை நடத்திய நிறுவனத்திற்கு 250,000 ரிங்கிட் தண்டம் விதிக்கப்பட்டது. அறிவிப்பாளரின் நாவைத் தாமதிக்கும் கருவி எதுவும் இல்லை. மற்றவர் எவ்வாறு கேட்பார் என்று எண்ணிப் பேசும் பழக்கம் ஒன்றே அதனைக் காக்கவல்லது. அப்பழக்கமும் கேட்டல் பயிற்சியின் ஒரு கூறே.

முடிவுரை

மேற்கூறியவற்றால், மாணவரின் நேரலை நிகழ்ச்சியை மதிப்பிட உச்சரிப்பும் சரளமும் மட்டும் போதா என்பது பெறப்படும். ஆசிரியர் பதிவைக் கேட்டு மூன்றைக் கணக்கிடலாம். அறிவிப்பாளர் தொடுத்தவற்றுள் அறிவினாக்கள் எத்தனை? நேயர் சொன்ன விடையிலிருந்தே பிறந்த வினாக்கள் எத்தனை? இருவருள் கூடுதல் நேரம் பேசியவர் யார்? நம் முதல் நிகழ்ச்சியை மாணவர்களே இவ்வாறு கணக்கிட்டபோது, விடையிலிருந்து பிறந்த வினா ஒன்றுகூட இல்லை என்பதும், பாதிக்கும் மேற்பட்ட நேரம் பேசியவர் அறிவிப்பாளரே என்பதும் தெரியவந்தன. இரண்டாம் நிகழ்ச்சி குறைகள் பல உடையதாயினும் இம்மூன்றிலும் மேம்பட்டிருந்தது. இக்கணக்குக்கு அலைவரிசை வேண்டா; கலையகமும் வேண்டா. நன்னூலும் ஒரு கைப்பேசியும் உள்ள எந்த வகுப்பறையிலும் இதனைச் செய்யலாம்.

தோட்டத்தில் பிறந்து, லயத்தில் வாழ்ந்து, அங்கிருந்து வெளியேறியவர்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களிடம் கேட்பதற்கு நம் மாணவருக்கு இன்னும் நெடுங்காலம் இல்லை. முதல் நாள் அறிவிப்பாளராக இருந்த மாணவர், பயிற்சி முடிந்த பின் அப்பதிவைத் தமக்குத் தருமாறு கேட்டு வாங்கிச் சென்றார். மூதாட்டி தம் பாட்டியின் தோழி என்றும், அவர் வீட்டுக்குச் சென்று முருங்கை மரத்தைப் பற்றிக் கேட்கப்போவதாகவும் கூறினார். என்ன கேட்பாய் என்று வினவினோம். இன்னும் தெரியவில்லை என்றார். அறியா வினாவுக்கு அதுவே தொடக்கம் என்று நாம் கருதுகிறோம்.